ஆத்திர அவசரத்துக்கு யார்?

'கேரவன்' என்றதும் நமக்கெல்லாம் சினிமா நட்சத்திரங்கள் ஷூட்டிங் நடுவே ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவிலோ அது சாதாரணக் குடும்பங்கள் காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சக்கர வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். போகிற இடத்தில் நிறுத்தி, சமைத்து, சாப்பிட்டு, தூங்கலாம். அப்படி ஒரு வண்டியில் பத்து நாள் குடித்தனம் பண்ணிவிட்டு வந்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் தங்கை குடும்பம் டார்வினில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஊர் அது. 2024 ஜூன் கடைசியில் அங்கே பள்ளிக்கூட லீவு. நானும் இவரும் எழுபது வயது அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து போயிருந்தோம். தங்கையின் பிள்ளைகள் இரண்டு. பெரியவனுக்கு ஒன்பது வயது, பாப்பாவுக்கு மூன்றரை. தங்கை வீட்டுக்காரர் ஏழு பேர் உட்காரும் கார் வைத்திருக்கிறார். கேரவனை வாடகைக்கு எடுத்தார். டார்வினிலிருந்து கேத்ரின், அங்கிருந்து மேற்கே திரும்பி குனுனுரா, பிறகு வந்த வழியே வீடு. இதுதான் திட்டம்.

அம்மாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "டாக்டர் இல்லை, கடை இல்லைங்கிற காட்டுக்குப் பச்சைப்பிள்ளையைத் தூக்கிட்டுப் போகணுமா? ஆத்திர அவசரத்துக்கு யாருடி இருக்கா அங்கே?" என்று கேட்டாள். பயணத்தை மட்டும் அவள் கேட்கவில்லை, மகள் வாழப்போன அந்தத் தேசத்தையே சேர்த்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தங்கை பதில் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசம் நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பெரிது. அதில் வசிப்பவர்கள் மொத்தமே சுமார் இரண்டரை லட்சம் பேர்! டார்வினிலிருந்து கேத்ரின் சுமார் 320 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை போகிற தூரம்தான். ஆனால் நம் வழியில் எத்தனை ஊர், எத்தனை டீக்கடை! அங்கே இரண்டு மூன்று சிற்றூர்களைத் தாண்டினால் மரமும் புல்லும்தான். ஆள் உயரத்துக்கும் மேலே கறையான் புற்றுகள் கோயில் கோபுரம் போல நிற்கின்றன. பல இடங்களில் செல்போனில் ஒரு கோடு கூட வராது.

போவதற்குக் காலமும் பார்க்க வேண்டும். சுமாராக நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை கொட்டும், பாதைகள் வெள்ளத்தில் முழுகிவிடும். மே முதல் செப்டம்பர் வரைதான் பயணத்துக்கு ஏற்ற காலம். பகலில் நம் ஊர் மாசி வெயில், விடியற்காலையில் ஸ்வெட்டர் போடும் குளிர்.

இனி நம் இலாகாவுக்கு வருகிறேன். கேரவன் சமையலறை இரண்டு ஆள் நின்றால் நிறைந்துவிடும். இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு மேடை. அலமாரிக்கெல்லாம் தாழ்ப்பாள் உண்டு, போடாவிட்டால் முதல் திருப்பத்திலேயே டப்பாக்கள் உருண்டுவிடும். புறப்படும் முன் சிலிண்டரை மூடியாயிற்றா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஃபிரிட்ஜ் மூன்று விதமாக ஓடும். வண்டி ஓடும்போது கார் பேட்டரியில், காட்டில் நிறுத்தினால் கேஸில், கேரவன் பார்க்கில் நிறுத்தினால் கரண்டில். கேஸில் ஃபிரிட்ஜ் ஓடுமா என்று நான் நம்பவே இல்லை, ஓடியது.

அந்த ஃபிரிட்ஜில்தான் அம்மாவின் உயிர் இருந்தது. அவளுக்குச் சர்க்கரை, இரண்டு வேளையும் இன்சுலின். பிரிக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறைந்து போகவும் கூடாது. அதனால் துணியில் சுற்றி, ஐஸ் கட்டும் தட்டிலிருந்து தள்ளி, கதவுப் பக்கமாக வைத்தேன். எந்த நேரத்திலும் மருந்தைக் காரில் விட்டு இறங்கவில்லை. வெயிலில் மூடி நிறுத்திய கார் சற்று நேரத்தில் அடுப்பாகிவிடும், மருந்து கெட்டுவிடும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் உதவ, அம்மாவின் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம்.

தண்ணீர்தான் பெரிய பாடம். இரண்டு தொட்டி, ஒவ்வொன்றும் 80 லிட்டர். குடிக்கத் தனியாகக் கேனில் 40 லிட்டர். ஏழு பேருக்கு இது எத்தனை நாள் வரும்? மாப்பிள்ளை காகிதத்தில் கணக்குப் போட்டார். எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருந்து, நாலு குடத்தில் ஒரு நாளை ஓட்டிய குடும்பத்தில் பிறந்தவள் நான். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரில் ஒரு அலசல், பிறகு ஒரே ஒரு தொட்டித் தண்ணீரில் கழுவல். ஒரே குக்கரில் கீழே பருப்பு, மேலே சாதம். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் டார்வினிலேயே செய்து எடுத்துக்கொண்டேன். காட்டில் தங்கும் நாளில் ஈரத்துண்டால் உடம்பு துடைத்தல், பார்க்கில் தங்கும் நாளில் தாராளமாகக் குளியல்.

பாதையில் இரண்டு சட்டம் வைத்திருந்தார் தங்கை வீட்டுக்காரர். ஒன்று, பொழுது சாய்ந்தபின் வண்டி ஓடாது. வேலி இல்லாத பாதை, இருட்டினால் கங்காருவும் மாடும் நடுரோட்டுக்கு வந்துவிடும். எதிரே வரும் 'ரோடு டிரெயின்' என்கிற லாரியையும் சொல்ல வேண்டும். ஒரே எஞ்சினுக்குப் பின்னால் மூன்று நாலு பெட்டி, நீளம் 53 மீட்டருக்கும் மேலே! அது தாண்டிப் போகும்போது நம் கேரவன் ஒரு ஆட்டம் ஆடும். இரண்டாவது சட்டம், ஆறு குளம் எதுவானாலும் கரையிலிருந்து 5 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். கடலை ஒட்டி வாழும் பெரிய முதலைகள் ஆற்றோடு ஏறி உள்நாட்டு நல்ல தண்ணீருக்கும் வந்துவிடுமாம். குளிக்கலாம் என்று பலகை வைத்த இடத்தில் மட்டும்தான் இறங்கினோம்.

கேத்ரினில் எல்லோரும் மலையிடுக்கில் ஓடும் ஆற்றைப் பார்க்கப் போவார்கள். நாங்களும் போனோம். சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே படகு போகிறது. அந்த இடத்தின் பெயர் நிட்மிலுக். அங்கே ஆதிகாலம் தொட்டு வாழும் ஜவாயின் மக்களிடம் 1989-ல் அந்த நிலம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. ஆனால் என் மனதில் நின்றது வேறோர் இடம், கேத்ரினின் 'ஆகாயப் பள்ளிக்கூடம்'.

மாட்டுப் பண்ணைகளில் வளரும் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தில் பள்ளி கிடையாது. அவர்களுக்காக 1966-ல் இது ஆரம்பமானது. அன்று ரேடியோவில் பாடம், இன்று சாட்டிலைட் வழியாக டீச்சர் முகம் பார்த்துப் பாடம். எட்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரவிய ஒரே பள்ளிக்கூடம் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு! டீச்சர் பேசுவது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைப்பது பெரும்பாலும் பெற்ற தாய். சமையலும் பார்த்து, பண்ணையும் பார்த்து, வாத்தியாராகவும் இருக்கிறாள்.

"சரி, அந்தப் பிள்ளைக்கு ஜுரம் வந்தா?" என்றாள் அம்மா, விடாமல்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை அதற்குப் பதில் சொன்னார். ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் 1928-ல் குவின்ஸ்லாந்தின் குளோன்கரி என்ற ஊரில் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கினார். டாக்டர் விமானத்தில் வருவார், சரி. அவரைக் கூப்பிடுவது எப்படி? கரண்டும் இல்லை, டெலிபோனும் இல்லை. ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் 1929 வாக்கில் காலால் மிதிக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். தையல் மெஷின் மிதிப்பது போல மிதித்தால் மின்சாரம் உண்டாகும், சேதி போகும். பண்ணை வீடுகளில் பல பெண்கள் அதை மிதித்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிறகு ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். அதில் மருந்துக்கெல்லாம் எண் போட்டிருக்கும். மருந்தின் வாயில் நுழையாத பெயரைப் படித்துத் தடுமாற வேண்டாம். டாக்டர் எண்ணைச் சொல்வார், தாய் அந்த எண்ணுள்ள மருந்தை எடுத்துக் கொடுப்பாள். வலி எங்கே என்று சொல்லவும் எண் போட்ட உடம்புப் படம் உண்டு. எவ்வளவு எளிமையான யோசனை! அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேற்கே திரும்பினோம். வழியில் காட்டோரமாகத் தீ எரிந்துகொண்டிருந்தது, மேலே கரும்பருந்துகள் வட்டமிட்டன. தீக்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடிக்க வருமாம். வேடிக்கை பார்த்ததில் நேரமாகி, பொழுது சாயவும் பாதையோர ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். பின்னால் கேத்ரின் ஆஸ்பத்திரி 160 கிலோமீட்டர். முன்னால் டிம்பர் கிரீக் என்ற சிற்றூரின் கிளினிக் 120 கிலோமீட்டர். எங்களைத் தவிர இன்னும் ஒரே ஒரு கேரவன்.

பாப்பா இரவுச் சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு வாந்தி. அரை மணியில் மறுபடி. பிறகு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. பதினொரு மணிக்குள் பிள்ளை வாழைத்தண்டு போலத் துவண்டுவிட்டாள். தங்கை நடுங்கிப் போனாள்.

"அக்கா, கிளம்பிடலாம். கேத்ரினுக்கே திரும்பிடலாம்."

"இருட்டுல நூத்தி அறுபது கிலோமீட்டரா? மாடு குறுக்கே வந்தா ஏழு பேர் கதியும் என்ன ஆகும்?" என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் குரலும் சரியாக இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் பாப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டிருந்த கேள்வி எங்கள் நடுவே உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை சாட்டிலைட் போன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அந்த நாட்டில் இரவு பகல் எந்நேரமும் நர்ஸ் பேசும் டெலிபோன் சேவை உண்டு. அதில் கூப்பிட்டோம். அந்த நர்ஸ் நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை முறை வாந்தி? ரத்தம் உண்டா? அழுதால் கண்ணீர் வருகிறதா? நாக்கு ஈரமா? கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்? கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா? கண்ணீர் வந்தது, கூப்பிட்டால் பார்த்தாள். "அப்படியானால் இப்போது ஓட்ட வேண்டாம். கரண்டி கரண்டியாக உப்பு-சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, மயங்கினாலோ, கொடுத்ததெல்லாம் வெளியே வந்துகொண்டே இருந்தாலோ உடனே கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் விடிந்ததும் கிளினிக் போங்கள்" என்றாள்.

என் பெட்டியில் ஊரிலிருந்து கொண்டுபோன ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, ஒரு பாக்கெட்டைக் கரைத்தேன். வாந்தி எடுத்தபின் பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சின்னக் கரண்டி. தாகத்தில் பிள்ளை டம்ளரைப் பிடுங்கினாள். மடமடவென்று குடித்தால் மறுபடி வாந்திதான் என்று தெரியும், அதனால் கொடுக்கவில்லை. பத்துக் கரண்டிக்கு ஒரு தீக்குச்சி என்று அம்மா கணக்கு வைத்தாள்.

எங்கள் விளக்கைப் பார்த்து அடுத்த கேரவனிலிருந்து ஒரு வயதான தம்பதி டார்ச்சோடு வந்தார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறவர்கள். விஷயம் கேட்டதும் அந்த அம்மாள் தங்கையின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பெரியவர், "போகத்தான் வேண்டுமென்றால் எங்கள் காரை முன்னால் மெதுவாக ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள்" என்றார். அதோடு போய்ப் படுக்கவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெளியே குளிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு மணிக்கு மேல் வாந்தி நின்றது. மூன்று மணிக்குப் பாப்பா சிறுநீர் போனாள். "போயிட்டா, போயிட்டா!" என்று தங்கை கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவன் எழுந்துவிட்டான். தாய்மார்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். வெளியே போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிடுவது போலச் செய்துவிட்டுத் தூங்கப் போனாள். மேஜையில் ஒன்பது தீக்குச்சி.

விடிந்து வெளிச்சம் வந்தபின் டிம்பர் கிரீக் போனோம். கிளினிக் நர்ஸ் பாப்பாவை எடை போட்டு, தோலைக் கிள்ளிப் பார்த்து, பயமில்லை என்றாள். பிள்ளைகளுக்கு இப்படி வைரஸ் தொற்று வருவது சகஜமாம். ஓ.ஆர்.எஸ். தண்ணீரையே குச்சி ஐஸாகச் செய்தது ஒன்றைப் பாப்பா கையில் கொடுத்தாள். அதைச் சப்பிக்கொண்டே பிள்ளை சிரித்ததும்தான் தங்கை அழுதாள்.

அங்கேயே இரண்டு நாள் தங்கினோம். அந்தப் பக்கமெல்லாம் பானை வயிற்று மரங்கள் நிற்கின்றன. போவாப் என்று பெயர். ராமநாதபுரம் பக்கம் ஆனைப்புளிய மரம் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு இது தாயாதி.

மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் ஒரு சோதனைச் சாவடி உண்டு. பூச்சியும் நோயும் பரவாமலிருக்க காய், கனி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். கறிவேப்பிலை கூடக் கூடாது. அதனால் எல்லைக்கு முந்தின நாள் கத்தரி, முருங்கை, தக்காளி, வெங்காயம் என்று மிச்சமிருந்த அத்தனையும் போட்டு ஒரு கதம்ப சாம்பார் வைத்தேன். இவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போகும். அம்மாவின் ஊசிக்கு மட்டும் கடைசி வரை டார்வின் மணியையே வைத்துக்கொண்டேன்.

குனுனுராவில் ஆர்டு நதியை அணை கட்டி மறித்திருக்கிறார்கள். 1972-ல் திறந்த பெரிய அணை, அதன் ஏரி கடல் போல விரிந்திருக்கிறது. அந்தப் பாசனத்தில் நம் இந்தியச் சந்தன மரத்தை வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். சந்தனம் தனியாகப் பிழைக்காது, பக்கத்து மரத்தின் வேரிலிருந்தும் உணவை உறிஞ்சித்தான் வளரும். அதனால் துணை மரமும் சேர்த்தே நடுகிறார்கள். அம்மா அந்த வரிசைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையிடம், "அடுத்த தரம் வரும்போது நான் ஆறு மாசம் இருக்கேன்டி" என்றாள். அவசரத்துக்கு யார் என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்களுக்கும் உபயோகப்படும் என்று சிலவற்றைச் சொல்கிறேன். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய சிறு கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு ஒருபோதும் கூடக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ரத்தம் போனாலோ, கண்ணீர் வற்றினாலோ, பிள்ளை துவண்டு கண் மூடினாலோ கை வைத்தியம் போதாது, டாக்டரிடம் ஓடுங்கள். கைக்குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம். இந்தத் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1971 வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தவர்களை டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு-சர்க்கரைத் தண்ணீரால்தான் காப்பாற்றினார்.

திருச்சிக்கு வந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்தேன். ஜுர மாத்திரைக்கு 1, ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு 2, தீப்புண் களிம்புக்கு 3 என்று எண் எழுதி ஒட்டினேன். எந்த எண் எதற்கு, யாருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டு மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் நான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. இவர் எனக்குப் போன் பண்ணினார். "இரண்டாம் நம்பரை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டார்.